கர்ப்ப வாரம் என்ற கட்டம்

இரவு இரண்டு நாற்பது.
திருத்துறைப்பூண்டியில் மழை
தூறலாகவும் இல்லாமல் கொட்டவும் செய்யாமல்
எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.

காத்தமுத்து, நாற்பத்து நான்கு,
பெல்ட் போட்ட அறுவடை வண்டி ஓட்டுகிறவர்.
முட்டிவரை சேறு காய்ந்திருக்கிறது.
படுத்தால் மூச்சு முட்டுதென்று
கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருக்கிறார்.
பிரஷர் எண்பது. கீழ் எண் கேட்கவே இல்லை.
கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்திருக்கிறது.
ஸ்டெதாஸ்கோப்பில் இதயம்
பூட்டிய ரைஸ்மில்லுக்குள் ஓடும் மோட்டார்போல்
எங்கோ தூரத்தில்.
ஈசிஜி தாளில் மலைகள் இல்லை.
வரப்புகள்தாம்.

"அட்டாக்தானே டாக்டர்?" என்றார் ஜெனிட்டா சிஸ்டர்.
ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி
குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது.
போன மாசியில் இதே கட்டிலில் ஒருவருக்கு
ஊகித்துத்தான் போட்டோம்.
அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

உள்ளே பார்க்க எங்களிடம் ஒரே ஒரு கண்.
அது பிரசவப் பிரிவில், பூட்டுக்குள்.
கதவில் பெரிய எழுத்தில்:
கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா
என இங்கு சொல்லப்படமாட்டாது.
மிஷின் அந்த அறையைவிட்டு நகரக்கூடாது.
சட்டம் நியாயமானதுதான்.
பிறக்காமலே போன பெண்களின் கணக்கு
அந்தப் பூட்டில் இருக்கிறது.

காத்தமுத்துவை நகர்த்தினால்
தாழ்வாரத்தின் பாதியில் நின்றுவிடுவார்.
சாவி கேட்டேன்.
ஜெனிட்டா சிஸ்டர் ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.
ஒழுகும் இடங்களைச் சுற்றிக்கொண்டு
ஒரு சக்கரம் கிறீச்சிட
இருவருமாய்த் தள்ளிவந்தோம்.

தமயந்திக்குப் புரியவில்லை.
"அவருக்கு எதுக்குங்க இந்த மிஷினு?
வயித்துப் புள்ளைக்குல்ல இத வைப்பாங்க."
அந்த நேரத்திலும் காத்தமுத்துவின் உதட்டோரம்
என்னவோ நெளிந்தது.
சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ஜெல்.
சிசுக்களின் தலையை அளக்கும் அதே கருவியை
இடது தோள் பக்கம் சாய்த்து அழுத்தினேன்.
சாம்பல் புழுதி. குடல் காற்று. ஈரல்.
பிறகு

கறுப்பு.

சுற்றிலும் தண்ணீர்.
நடுவே இதயம்
கட்டு அறுந்த தெப்பமாக இங்குமங்கும் ஆடியது.
வலது அறை விரியப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும்
தண்ணீர் அதை உள்ளுக்குத் தள்ளியது.

ஐப்பசியில் வடிகால் அடைத்த வயலைப்
பார்த்து வளர்ந்தவள் நான்.
பூச்சி அரித்துச் சாகும் பயிரல்ல அது.
மூச்சுவிட இடமில்லாமல் சாவது.

"ஊசிய உள்ள வச்சிடுங்க சிஸ்டர்."
குளிர்பெட்டிக் கதவு மூடிய சத்தம்
இப்போதும் கேட்கிறது.

திருவாரூருக்குப் போன் போட்டோம்.
மருத்துவக் கல்லூரியில் தூக்கம் கலையாத ஒரு குரல்
"அதுவரை தாங்கமாட்டார்.
உங்களால் எடுக்க முடியுமா?" என்றது.
படித்ததுதான், செய்ததில்லை
என்று சொல்லவில்லை.
முடியும் என்றேன்.

நீள ஊசி.
திரையில் ஒரு வெள்ளைக் கீற்று
கறுப்புக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே
சிரிஞ்சை இழுத்தேன்.
வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம்.
இருபது மில்லி. நாற்பது. அறுபது.
ஒரு டீ டம்ளர்கூட நிறையாது.
பிரஷர் நூறைத் தொட்டது.

காத்தமுத்து நெடுநேரம் கழித்து
ஒரு முழு வாக்கியம் பேசினார்:
"வண்டிச் சாவி சட்டப் பையில இருக்கு,
மொதலாளிகிட்ட குடுத்துடு."

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் விளக்கு
முள்ளியாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி மறைந்தது.
ஜெல்லைத் துடைத்து
மிஷினை அதன் அறையில் விட்டுப் பூட்டினேன்.
பதிவேட்டை விரித்தேன். மறைக்க மனமில்லை.
பெயர்: காத்தமுத்து. வயது: 44.
கணவர் பெயர் என்ற இடத்தில்
தமயந்தி என்று எழுதி, அடித்தேன்.
கர்ப்ப வாரம்.
பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
ஒரு கோடு போட்டேன்.
கீழே கையெழுத்து, முழுப் பெயரும் தெரிய.

ஒன்பது மணிக்கு ஏழு மாதக்காரி ஒருத்தி
வந்து படுப்பாள்.
ஜெல் சில்லுனு இருக்கே என்பாள்.
திருவாரூரிலிருந்து
இன்னும் போன் வரவில்லை.